கசிந்த கேரவனை நாமே சரிசெய்வது: பினாங்கு ஈரத்துக்கு ஏற்ற முறை

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் காப்பிக் கறைபோல ஒரு வட்டம் தெரிந்தது. துடைக்கலாம் என்று துணியை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. உள்பலகை தேநீரில் ஊறிய பிஸ்கட்டாக இருந்தது. மேலே ஒட்டியிருந்த புது வால்பேப்பர்தான் அதைச் சுவராக நிறுத்தி வைத்திருந்தது. காரின் பின்னால் கட்டி இழுக்கும், பிரிட்டனில் கட்டிய பழைய கேரவன் அது. பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் வந்து நின்று நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அதை நானும் தம்பியும் அப்பாவும் சேர்ந்து இரண்டு முறை சரிசெய்தோம். முதல் முறை, கெட்ட பலகையையும் சட்டத்தையும் வெட்டி எடுத்து, கசிவை அடைத்து, புதுச் சட்டமும் பலகையும் அடித்து, சாயம் பூசி ஒரே வாரத்தில் முடித்தோம். மூன்றாவது மாதம் அதே இடத்தில் பூசண வாடை. திறந்து பார்த்தால், நாங்கள் புதிதாக வைத்த சட்டமும் கறுத்திருந்தது. மழைத்தண்ணீர் மறுபடி உள்ளே வரவில்லை. ஈரமாக இருந்த மரத்தை நாங்களே உள்ளே வைத்து மூடியிருந்தோம். இரண்டாவது முறைக்கு ஒன்பது வாரம் ஆனது. அதில் ஐந்து வாரம் காய வைத்தது மட்டும். அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் முதல் தடவை கேரவன் வாங்கியவர், தச்சு வேலை தெரியாதவர் என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். கதவு இடப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டன் வண்டி. நம் சாலைக்கும் அதுதான் வசதி. அமெரிக்க வண்டிகளுக்குக் கதவு வலப்பக்கம் இருக்கும். பழைய பிரிட்டன் கேரவனில் மெல்லிய மரச் சட்டங்களால் ஒரு கூடு இருக்கும். அதற்கு வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஏறக்குறைய 3 மி.மீ. பிளைவுட், நடுவில் வெள்ளைத் தெர்மோகோல். இந்த வகையைச் சட்டம் சட்டமாகப் பிரித்து மாற்றலாம். புது வண்டிகள் பலவற்றில் தகடு, நுரை, பலகை மூன்றையும் ஒரே தட்டாக ஒட்டியிருப்பார்கள். அதில் ஈரம் ஏறினால் ஒட்டு விட்டு, சுவர் வெளியே வயிறுபோல உப்பும். அந்த வேலை வேறு. முதல் தடவை கை வைப்பவர் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே சொல்வதெல்லாம் மரக்கூடு வகைக்கு.

எப்போது தொடங்குவது

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரிதான் வறண்ட மாதங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும் தைப்பூச நாட்களில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வெயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்த கையோடு திறந்தால், மார்ச் இறுதிக்குள் மூடிவிடலாம்.

ஆனால் கசிவை ஆகஸ்டில் கண்டுபிடித்தால் ஜனவரி வரை அப்படியே விட்டுவிடக் கூடாது. கூரை முழுவதும் மூடும்படி தார்ப்பாய் கட்டுங்கள். தகட்டின் மேல் நேராகப் படியக் கட்டினால் உள்ளே வேர்த்து இன்னும் கெடும். நாலு கம்பம் நட்டு, கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, பந்தல் மாதிரி கட்டுங்கள். பக்கச்சுவருக்கும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். சாதாரண மழைக்குக் கசியாத சன்னல், அந்த ஒரு மணி நேரத்தில் ஒழுகும்.

2017 நவம்பர் வெள்ளம் மாதிரி வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்ற வண்டி என்றால், தரையின் நுரைக்குள் அழுக்குத் தண்ணீர் ஏறியிருக்கும். அதைக் காய வைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். தரையையே மாற்ற வேண்டிய வேலை அது.

தண்ணீர் எங்கே நுழைகிறது

கறை தெரிகிற இடத்தில் கசிவு இருக்காது. தண்ணீர் மேலே ஓர் ஆணித்துளையில் நுழைந்து, சட்டத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்து, மூலை வந்ததும் இறங்கி, எங்கேயோ ஓரிடத்தில் முகம் காட்டும். எங்கள் கட்டில் தலைமாட்டுக் கறைக்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி, கூரை ஓரத்தில் இருந்தது.

தண்ணீர் நுழையும் வழிகள் சிலதான். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் நீளமாக ஓடும் அலுமினியப் பட்டைதான் முதல் குற்றவாளி. அதில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தகட்டைத் துளைத்து மரத்துக்குள் போகிறது. அடியில் இருக்கிற பசை இருபது வருடத்தில் காய்ந்து வெடித்துவிடும். அடுத்தது கூரைக் காற்றுச்சன்னல், சன்னல்களின் மேல்விளிம்பு, ஓரவிளக்குகள், பின்விளக்கு, ஏர்கோன் (ஏசி) பொருத்திய துளை.

ஏர்கோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே 32 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துத் தூங்குகிறோம். இடுக்கு வழியாகச் சுவருக்குள் புகும் வெளிக்காற்று, குளிர்ந்த உள்பலகையின் முதுகில் வேர்த்துத் தண்ணீராகும். குளிர்நாட்டில் வண்டியின் உள்ளே வேர்க்கும். நமக்குச் சுவரின் உள்ளே வேர்க்கும். மழையே பெய்யாத வாரத்தில் பலகை ஈரமாகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்டுபிடிக்க மூன்று பொருள் போதும்: ஸ்குருடிரைவர், மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி, தண்ணீர்க் குழாய்.

ஸ்குருடிரைவரின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல சட்டம் ‘டக்’ என்று பதில் சொல்லும். மக்கிய சட்டம் ‘தொப்’ என்று அமுங்கிய சத்தம் தரும். அப்புறம் மேசை அலமாரிகளுக்குள்ளே, மூலைகளில், தரை ஓரங்களில் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சுவரில்தான் விற்கிறவர்கள் வால்பேப்பர் ஒட்டுவார்கள். அலமாரிக்குள் உண்மை இருக்கும்.

ஈரமானி இரண்டு ஊசி உள்ள வகையாக இருக்கட்டும். நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஊசியில்லாமல் மேலே வைத்துப் பார்க்கும் வகை, பின்னால் இருக்கும் அலுமினியத் தகட்டால் ஏமாந்துவிடும். வண்டியை ஒரு தாளில் படமாக வரைந்து, அடிக்கு ஓர் இடம் என்று அளந்து எண்ணை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்தத் தாளே தண்ணீர் நடந்த பாதையைக் காட்டிவிடும்.

அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் நாங்கள் முதலில் தடுமாறினோம். பிரிட்டன் கையேடுகள் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் கெட்டது என்று சொல்லும். நம் ஊரில் நல்ல மரத்தைக் கூரைக்கடியில் வெறுமனே சாத்தி வைத்தாலே, காற்றின் ஈரத்தை உறிஞ்சி அது 16, 17க்கு வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே இயற்கையாக இறங்காது. ஆகவே வண்டியிலேயே மழை தொட வாய்ப்பில்லாத ஓரிடத்தை, நடு அலமாரியின் தடுப்புப் பலகை மாதிரி ஒன்றை, அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். அதைவிட இரண்டு மூன்று கூடுதலாக இருந்தால் கவனிக்க வேண்டும். 20ஐத் தாண்டிவிட்டால் மரத்தை மக்க வைக்கும் காளான் வளர இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். 30 காட்டும் இடத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

தண்ணீர்க் குழாய்ச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே, ஒருவர் டார்ச்சோடு உள்ளே. கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலே தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா ஓட்டையிலும் ஒரே நேரத்தில் புகுந்து, எது எது என்று தெரியாமல் போகும். முதலில் சன்னலின் கீழ்விளிம்பு, பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், பத்து நிமிடம், பிறகு மேல்விளிம்பு, கடைசியாகக் கூரைப் பட்டை. தண்ணீர் மழைபோல விழட்டும். கார் கழுவும் பிரஷர் பம்பை எடுக்காதீர்கள். அது நல்ல இணைப்பையும் கிழித்துத் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

இப்போது தாளைப் பார்த்து ஒரு முடிவெடுக்க வேண்டும். ஒரு சுவர், ஒரு மூலை, கூரை ஓரத்தில் ஒரு நீளம் என்றால் தைரியமாகத் தொடங்கலாம். மூன்று சுவரும் தரையின் இரண்டு ஓரமும் மக்கியிருந்தால், வண்டியைப் புதிதாகவே கட்ட வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே இந்தத் தாளை வரைந்தால் இன்னும் நல்லது. விற்பவர் ஊசி குத்த விடமாட்டேன் என்றால், நீங்கள் திரும்பி வந்துவிடலாம்.

திறப்பதற்கு முன்

கேஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, கழற்றி வெளியே வையுங்கள். வீட்டு மின்சார இணைப்பைப் பிடுங்குங்கள். 12 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ரம்பத்தை வைக்கக் கூடாது. வேலைக்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டிலிருந்து, மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து தனி ஒயரில் எடுங்கள். பூசணத் தூள் நெஞ்சுக்குக் கெடுதல். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

கழற்றுகிற ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களை அலமாரி வாரியாகச் சின்னப் பைகளில் போட்டு, பெயர் எழுதி, அந்தந்த அலமாரியிலேயே ஒட்டிவிடுங்கள். கெட்டுப்போன உள்பலகையையும் தூக்கி எறியாதீர்கள். புதுப்பலகை வெட்ட அதுதான் அச்சு. பலகையைக் கறைக்கு வெளியே, சட்டம் நல்லதாகத் தெரிகிற வரை திறந்துகொண்டே போக வேண்டும். எங்களுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு கறை. திறந்தது ஏழு அடி.

ஈரமான தெர்மோகோலைக் கையாலேயே எடுத்துவிடலாம். சட்டத்தை ஸ்குருடிரைவர் முனையால் குத்துங்கள். கறுத்திருந்தும் முனை இறங்கவில்லை என்றால் அது வெறும் கறையும் மேல்பூசணமும். துடைத்துக் காய வைத்தால் போதும். வெண்ணெயில் கத்திபோல இறங்கினால் அது மக்கிய மரம். அதைச் சாக்கட்டியால் குறியிட்டு வையுங்கள், ஆனால் இன்னும் வெட்ட வேண்டாம். மண் அப்பிய கோடுகளோ, மரத்துக்குள் நீளவாக்கில் குழிகளோ தெரிந்தால் கரையான். சக்கரம் உள்ள வண்டிக்குக் கரையான் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். முட்டுக்கொடுத்த மரத்துண்டு மண்ணில் இருந்தால் அதன் வழியாக ஏறிவிடும். மரத்துண்டை எடுத்துவிட்டுச் சிமெண்ட் கல்லோ இரும்பு முட்டோ வையுங்கள்.

தகட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். ஈர மரம் ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளைப் பொடி படர்ந்து, தகடு ஊசித்துளை விட்டிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு வெளியே டார்ச் அடித்தால், உள்ளே நட்சத்திரம்போலத் தெரியும்.

காய வைப்பது

குளிர்நாட்டுக்காரர்கள், எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டு ஃபேனைப் போடு என்பார்கள். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். பத்து நாள் ஃபேன் ஓடியும் மானியில் எண் 24க்குக் கீழே வரவில்லை. காரணம் எளிமையானது. இங்கே இரவில் காற்றின் ஈரப்பதம் 90ஐத் தாண்டும். பகலில் காய்ந்த மரத்துக்கு நாமே ராத்திரி முழுக்க ஈரம் ஊட்டிக்கொண்டிருந்தோம்.

நண்பகலில் ஈரப்பதம் 60 சொச்சத்துக்கு இறங்கும். அந்த நேரம்தான் நமக்குரியது. நல்ல வெயில் நாளில் காலை பத்தரை வாக்கில் கதவு, சன்னல் எல்லாம் திறந்து, ஒரு ஃபேன் உள்ளே காற்றை இழுக்க, இன்னொன்று வெளியே தள்ள வையுங்கள். நான்கு மணிக்கு, அல்லது மேகம் கறுத்த உடனே, எல்லாவற்றையும் மூடுங்கள். மூடிய பிறகு காலைவரை, காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் டிஹியூமிடிஃபையர் ஓடட்டும்.

டிஹியூமிடிஃபையர் என்றால் கம்ப்ரஸர் உள்ள பெரிய வகை. மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டிகள் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு குவளைத் தண்ணீர்தான் பிடிக்கும்; அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். சொந்தமாக வாங்க மனமில்லை என்றால் வாடகைக்கு விசாரியுங்கள். அதன் குழாயைச் சமையல் தொட்டியின் வடிகாலில் விட்டால், வாளியை நடுராத்திரி எழுந்து ஊற்ற வேண்டியதில்லை. எங்களுக்கு முதல் இரவில் மூன்று லிட்டருக்கு மேல் வந்தது. சுவரும் உள்ளே இருந்த காற்றும் அவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தன.

சூடான காற்றை அடிக்கும் துப்பாக்கியால் மரத்தை அவசரப்படுத்தாதீர்கள். மேல்தோல் காய்ந்து வெடிக்கும், நடு ஈரமாகவே இருக்கும். மானியும் மேல்தோலைத்தான் காட்டும். அதனால் நான் வாரம் ஒரு தடவை, சட்டத்தில் சின்னத் துளை போட்டு, இரண்டு ஸ்க்ரூவை ஆழமாக ஏற்றி, அவற்றின் தலையில் மானி ஊசியை வைத்து அளப்பேன். ஸ்க்ரூ போகிற ஆழத்துக்குள் எது அதிக ஈரமோ அதன் அளவு தெரியும். மேலே 17, உள்ளே 23 என்று காட்டிய வாரங்கள் உண்டு.

மூன்றாவது வாரம் தம்பி கேட்டான். “அக்கா, தொட்டா காஞ்சுதான் இருக்கு. மூடிறலாமே?” அவனுக்குப் பள்ளி விடுமுறைக்குள் பிள்ளைகளைத் தெலுக் பஹாங் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசை. அப்பா மானியைக் கையில் வாங்கி, அவரே குத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் குடிச்சுக்கிட்டுதான் இருக்கு”ன்னார். பிறை நகரில் லோரி பாடி கட்டும் பட்டறையில் தச்சராக இருந்தவர் அவர். மரத்துக்கு ஈரம் பிடித்திருந்தால் “குடிச்சிருக்கு” என்பதுதான் பட்டறைப் பேச்சு.

உங்கள் அளவுகோல் இடத்தின் எண்ணுக்கு, திறந்த சட்டங்கள் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் வந்து, தொடர்ந்து ஒரு வாரம் அங்கேயே நின்றால் காய்ந்துவிட்டது. அதற்கு முன் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

மரம் மாற்றுவது

ஹார்ட்வேர் கடையில் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பல வகை மரம் காட்டுவார். பாலாவ் எடுக்காதீர்கள், உறுதியானதுதான், ஆனால் கனம். கேரவனில் ஒவ்வொரு கிலோவையும் கார்தான் இழுக்க வேண்டும். பச்சை நிறம் ஏறிய, தாமிர மருந்து பாய்ச்சிய மரமும் வேண்டாம். அந்தத் தாமிரம் ஈரம் பட்டால் அலுமினியத் தகட்டை அரிக்கும், அதன் தூளும் நஞ்சு. கித்தா (ரப்பர்) மரம் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. மேசை நாற்காலிக்கு அருமையான மரம் அது. சுவருக்குள் வைத்தால் பூசணமும் வண்டும் முதலில் அதைத்தான் தேடி வரும். சிவப்பு மெராந்தியில் லேசானதாக, நேரான இழை உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். அதுவும் சூளையில் காய வைத்ததா என்று கேட்டு, மானியைக் கடையிலேயே குத்திப் பாருங்கள். ஈரச் சுவரைக் காய வைத்துவிட்டு அதில் ஈரச் சட்டத்தைப் பொருத்தினால் பட்ட பாடெல்லாம் வீண்.

மக்கிய சட்டத்தை, மக்கல் முடிகிற இடத்தில் வெட்டக் கூடாது. நல்ல மரம் தொடங்கிய பிறகும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூசண இழை அதுவரை போயிருக்கும். பழைய துண்டுக்கும் புதுத் துண்டுக்கும் முட்டுக்கு முட்டு வைத்து ஆணி அடித்தால், சாலைக் குலுக்கலில் விட்டுவிடும். இரண்டிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்துங்கள். சட்டத்தின் கனத்தைப்போல நான்கு மடங்காவது படிய வேண்டும். நடுவில் தண்ணீருக்குத் தாங்கும் பாலியுரிதேன் மரப்பசை, இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. கடலோரத்தில் நிறுத்தும் வண்டி என்றால் 316 தரம் கேளுங்கள். 304 உப்புக்காற்றில் கறை பிடிக்கும்.

ஒரே நேரத்தில் எல்லாச் சட்டத்தையும் வெட்டிவிடாதீர்கள். அந்தக் கூடுதான் தகட்டை நிறுத்தி வைத்திருக்கிறது. ஒன்றை வெட்டி, மாற்றி, பசை காய்ந்த பிறகு அடுத்தது. மூலை என்றால் உள்ளேயிருந்து கூரைக்கு ஒரு முட்டுக்கழி கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

புதுச் சட்டம், மிச்சமிருக்கும் பழைய சட்டம் இரண்டுக்கும் போராக்ஸ், போரிக் பவுடர் கலந்த கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். கரையானுக்கும் பூசணத்துக்கும் பிடிக்காது, வாடையும் இல்லை. நீரில் கரையும் மருந்து என்பதால் மழை படும் இடத்தில் நிற்காது, சுவருக்குள் நிற்கும். பூசிய பிறகு மரம் மறுபடி ஈரமாகியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மறுபடி மூன்று நான்கு நாள் காய வைத்து, மறுபடி அளக்க வேண்டும்.

சிலர் மக்கிய மரத்தில், இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் எபாக்ஸிப் பசையை ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். விரல் அளவு இடத்துக்கு அது சரி. சட்டத்தின் முழுக்கனமும் போயிருந்தால் அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

தரை அமுங்கினால் வேறு கதை. நுரையின் இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டிய தரையாக இருந்து, மரம் மக்காமல் ஒட்டு மட்டும் விட்டிருந்தால், மேல்பலகையில் 10 செ.மீ.க்கு ஒரு துளை வீதம் கட்டம் கட்டிப் போட்டு, சிரிஞ்சில் எபாக்ஸியை இறக்கி, மேலே பலகை வைத்து, சாய டின்களை ஏற்றி அழுத்த வேண்டும். துரப்பண முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறியுங்கள். அடிப்பலகையைத் துளைத்துவிட்டால் எபாக்ஸி கீழே சாலையில் ஒழுகும். நம் வெயிலில் எபாக்ஸி டப்பாவில் எழுதிய நேரத்தில் பாதிதான் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தால் குவளையே கொதிக்கும்.

வெளியே அடைப்பது

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், கூரைப் பட்டையின் ஸ்க்ரூ கடிக்க நல்ல மரம் வேண்டும். மக்கிய சட்டத்தின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பசை பூசினாலும் பட்டை தளர்ந்துவிடும். அதுவரை தார்ப்பாய்ப் பந்தல் காப்பாற்றும்.

பட்டையைக் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். துருப்பிடித்த ஸ்க்ரூ தலை முறியும். சூடான சால்டரிங் இரும்பை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டுத் திருப்பினால், பழைய பசை இளகிப் பெரும்பாலும் வந்துவிடும். முறிந்ததைச் சின்னக் குறடால் பிடித்துச் சுற்றலாம்.

பழைய பசையை முழுக்க எடுக்க வேண்டும். முன்பு யாராவது சிலிக்கோன் பூசியிருந்தால் அதன் மேல் எதுவுமே ஒட்டாது. புதுச் சிலிக்கோன்கூட ஒட்டாது. வினிகர் வாடை வரும் சிலிக்கோன் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். குளியலறைக்கு விற்கும் அந்த டியூபைக் கேரவன் பக்கமே கொண்டுவராதீர்கள். பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் பிசுக்கை எடுத்து, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு எச்சரிக்கை: கேரவன் சன்னல் கண்ணாடியல்ல, அக்ரிலிக்; இந்தத் திரவங்கள் பட்டால் நுண்ணிய விரிசல் விழும். அமெரிக்க வண்டியின் ரப்பர் கூரையில் பெட்ரோலியத் திரவம் எதுவும் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

பட்டைக்கு அடியில் பியூட்டில் நாடா. அது எளிதில் காய்ந்து இறுகாது. பல வருடம் பிசுபிசுப்பாகவே இருந்து, தகடு வெயிலில் விரிந்து சுருங்கும்போது கூடவே இழுபடும். நாடாவைப் பட்டையின் முதுகில் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். பழைய ஸ்க்ரூத் துளை பெரிதாகியிருந்தால் மரக்குச்சியைப் பசையோடு அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். நாடா இரண்டு பக்கமும் லேசாகப் பிதுங்கினால் போதும். முறுக்கி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து உள்ளே ஒன்றும் மிஞ்சாது. இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு நாடா அமரும். அப்போது கால் சுற்று இறுக்கி, பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிடலாம்.

அதன் விளிம்பில் ஒரு கோடு பாலியுரிதேன் சீலன்ட். சிக்காஃபிளெக்ஸ் மாதிரி வகை. காலை ஒன்பதுக்கு மேல், பனி முழுக்க உலர்ந்து, தகடு கை வைக்க முடிகிற சூட்டில் இருக்கும்போது பூசுங்கள். நண்பகல் தகட்டில் பூசினால் கொப்புளம் வரும். வழுவழுப்பாக்க ஆல்கஹாலைத் தொட்டுத் தேய்க்கக் கூடாது. ஈரமாக இருக்கும் பாலியுரிதேனில் ஆல்கஹால் பட்டால் அது இறுகாமல் போகும். இந்த வகை, காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. நம் ஊர்க் காற்று நமக்கு உதவுகிற ஒரே இடம் இதுதான்.

சன்னல், விளக்கு, காற்றுச்சன்னல் எல்லாவற்றுக்கும் இதே முறை: கழற்று, சுரண்டு, பியூட்டில், ஸ்க்ரூ. கழற்றாமல் வெளிவிளிம்பில் மட்டும் பூசுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

உள்ளே மூடுவதற்கு முன்

மூன்று நாள் கழித்து, மறுபடி அதே தண்ணீர்ச் சோதனை, கீழிருந்து மேலே. இந்த முறை சுவர் திறந்திருக்கிறது. ஒரு சொட்டு வந்தாலும் தெரியும். சட்டங்களின் மேல் டிஷ்யூ தாளை ஒட்டி வைத்தால் ஈரம் பட்ட இடம் உடனே நிறம் மாறிக் காட்டும். அப்புறம் பந்தலைப் பிரித்துவிட்டு ஒரு நிஜ மழைக்குக் காத்திருங்கள். எங்களுக்கு ஆறு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. தம்பிக்கு அந்த ஆறு நாள்தான் கஷ்டமாக இருந்தது.

தாள்கள் உலர்ந்தே இருந்தால், நுரையை வெட்டிப் பொருத்துங்கள். தெர்மோகோலைவிடத் தண்ணீர் குடிக்காத, நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும் கெட்டி நுரை நல்லது. சட்டத்துக்கும் நுரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. வேர்ப்பதே அந்த இடைவெளியில்தான். உள்பலகைக்கு 3 மி.மீ. பிளைவுட், அதன் வெட்டு விளிம்புகளுக்கும் முதுகுக்கும் ஒரு கோட் சாயம் பூசிவிட்டுப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் வால்பேப்பர் வேண்டாம். சாதாரணத் தண்ணீர்ச் சாயம் போதும். ஈரம் வந்தால் சாயத்தில் கறையாகத் தெரியும். பிளாஸ்டிக் அதை மறைத்துவிடும்.

அலமாரிக்குள், கண்ணில் படாத இடங்களில், சட்டத்துக்கு நேராகச் சின்னத் துளைகள் விட்டு ரப்பர் மூடி போட்டு வையுங்கள். மானி ஊசி நுழைய அது வழி. ஏர்கோனை 25, 26 டிகிரியில் வையுங்கள். வண்டியை முன்பக்கமோ பின்பக்கமோ லேசாகச் சாய்த்து நிறுத்தினால் கூரையில் தண்ணீர் தேங்காது. வருடத்துக்கு இரண்டு தடவை, ஆகஸ்டில் மழைக்கு முன்னும் பிப்ரவரியிலும், ஏணி வைத்துக் கூரைப் பட்டை முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். அன்றைக்கே ஈரமானியையும் எடுத்து, அதே இடங்களில் குத்தி, தேதியோடு எழுதுங்கள்.

எங்கள் தாள் உடை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. கட்டில் தலைமாட்டில் கடைசியாக அப்பா எழுதியது 16.